மண்ணில் நட்ட மரம் மக்காதிருக்க



உங்கள் வீட்டு வேலியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட கம்பம் ஒன்று இருந்தால் அதைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரே கம்பத்தில் மூன்று விதமான மரத்தைப் பெரும்பாலும் காணலாம். தரைக்கு மேலே நின்ற பகுதி வெயிலில் வெளுத்திருந்தாலும் உறுதியாக இருக்கும். ஆழத்தில் புதைந்திருந்த அடிமுனையும் ஓரளவு கெட்டியாகவே இருக்கும். ஆனால் தரைமட்டத்தில், ஒரு சாண் அளவுக்கு, மரம் கறுத்து, மெலிந்து, நகத்தால் கிள்ளினால் உதிரும் நிலையில் இருக்கும். கம்பம் ஒடிவதும் அந்த இடத்தில்தான். மேலும் கீழும் நன்றாக இருக்க, இடையில் மட்டும் மரம் ஏன் இப்படிக் கெடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், வேலி, பந்தல், கோழிக்கூடு, வாசல் பெஞ்சு, வாய்க்கால் பாலம் ஆகியவற்றை எப்படிக் காப்பது என்பதும் விளங்கிவிடும்.

மரம் தானாக மக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சக்காளான் இழைகள் மரத்துக்குள் புகுந்து அதைத் தின்பதால்தான் மக்குகிறது. பழைய கட்டைகளில் குடைபோலவும் தட்டுப்போலவும் முளைக்கிற காளான்களைப் பார்த்திருப்பீர்கள். அவை வெளியே தெரியும் பூக்களைப் போன்றவை. அவை முளைக்கும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

இந்தக் காளான் வாழ்வதற்கு நான்கு பொருள்கள் வேண்டும்: உணவு, வெப்பம், காற்று, ஈரம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வாழாது. இதை நம் சமையலறையிலேயே காணலாம். கருவாடு ஏன் கெடுவதில்லை? அதில் ஈரம் இல்லை, உப்பும் ஏறியிருக்கிறது. ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கும் வரையில் ஏன் பூஞ்சணம் பூப்பதில்லை? காற்று உள்ளே போவதில்லை. எண்ணெய் வற்றிக் காய்த்துண்டு வெளியே தெரிந்தால், அங்கேதான் முதலில் வெள்ளை படர்கிறது.

நம் கம்பத்துக்கும் இதே கதைதான். மேற்பகுதி மழையில் நனைந்தாலும் வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடுகிறது. அது கருவாட்டைப் போன்றது. ஆழத்தில் ஈரம் உண்டு, ஆனால் காற்றுக் குறைவு. அது எண்ணெய்க்குள் மூழ்கிய ஊறுகாயைப் போன்றது. தரைமட்டத்திலோ ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆகவே காளான் அங்கே குடியேறுகிறது. மரத்தில் உள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் 100க்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் காளான் வளராது. கூரைக்குக் கீழே காற்றோட்டமாக வைத்த மரம் நம் நாட்டிலும் அந்த அளவுக்குக் கீழே உலர்ந்துவிடும். ஆனால் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வெளியில் நிற்கும் மரத்துக்குக் காய்வதற்கு நேரம் கிடைப்பது அரிது.

வெப்பத்தை நம்மால் நீக்க முடியாது. காற்றையும் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பவை இரண்டு வழிகளே. ஒன்று, மரத்தில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது. மற்றொன்று, மரத்தில் மருந்து ஏற்றி, அதைக் காளானுக்கு உணவாகாதபடி செய்வது. முதல் வழிக்குக் கொஞ்சம் யோசனையும் உழைப்பும் போதும். இரண்டாவதற்குப் பணம் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும். பலர் முதல் வழியை மறந்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். நீர் தேங்கும்படி நட்ட கம்பத்தை எந்த மருந்தும் நெடுநாள் காக்காது.

இனி, எந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். கெப்போங்கில் 1929 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் உண்டல்லவா? அங்கே மரங்களைச் சோதிக்கும் நிலப்பகுதிக்கு 'இடுகாடு' என்று பெயர். 2 அங்குலச் சதுரமும் 2 அடி நீளமும் உள்ள முளைகளைப் பாதி மண்ணில் புதைத்து, எத்தனை ஆண்டுகளில் மக்குகின்றன என்று கணக்கெடுப்பார்கள். 10 ஆண்டுகளுக்கு மேல் நிற்பது மிக உறுதியான மரம். 5 முதல் 10 ஆண்டுகள் நிற்பது உறுதியான மரம். 2 முதல் 5 ஆண்டுகள் நிற்பது நடுத்தரம். 2 ஆண்டுகளுக்குள் மக்குவது நிலைக்காத மரம்.

செங்கால் மரமும், சபா சரவாக்கில் கிடைக்கும் பெலியான் மரமும் முதல் வகுப்பைச் சேர்ந்தவை. கெம்பாஸ், கெருயிங் போன்றவை நடுத்தரம்; மருந்து ஏற்றினால் நன்கு உழைக்கும். நம் தோட்டத்தில் மறுநடவின்போது ஏராளமாகக் கிடைக்கும் பால்மரமோ கடைசி வகுப்பு. அதன் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய ஓரிரு நாளிலேயே நீலக்கறை படிவதையும், பின்னர் வண்டு துளைத்து மாவாக உதிர்வதையும் கண்டிருப்பீர்கள். செம்பனைத் தண்டு அதைவிட மோசம். நீரும் சர்க்கரையும் நிறைந்த அந்தத் தண்டு கம்பத்துக்கு உதவாது.

ஒரே மரத்திலும் வேறுபாடு உண்டு. நடுவிலுள்ள கருநிறப் பகுதி வைரம். பட்டையை ஒட்டியுள்ள வெளுத்த பகுதி வெளிறு. தளராத முதியவரை 'வைரம் பாய்ந்த கட்டை' என்று சொல்கிறோமே, அது மரத்திலிருந்து வந்த பேச்சுத்தான். எவ்வளவு உயர்ந்த மரமாயினும் அதன் வெளிறு நிலைக்காது. ஆகவே பலகை வாங்கும்போது பெயரை மட்டும் கேட்காமல், ஓரத்தில் வெளிறு எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். செங்கால் இன்று அரிதாகிவிட்டது, விலையும் அதிகம். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் நல்ல துண்டுகள் கிடைத்தால் அவற்றை மண்ணைத் தொடும் இடங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். மண்ணைத் தொடாத இடங்களுக்கு மலிவான மரம் போதும்.

வேலிக்கு மட்டும் என்றால் இன்னோர் எளிய வழி உண்டு. முருங்கைக் கிளைகளை வரிசையாக நட்டு, அவை தழைத்த பின் கம்பியைக் கட்டலாம். உயிரோடு இருக்கும் மரம் செத்த கம்பத்தைப் போல மக்குவதில்லை. கீரையும் கிடைக்கும்.

அடுத்து, நீர் தங்காமல் நடுவது எப்படி?

கம்பத்தைச் சுற்றிக் காங்கிரீட் ஊற்றிவிட்டால் அது நூறாண்டு நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது அதற்கும் காங்கிரீட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி விழுகிறது. மழைநீர் அதற்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. கம்பம் நீர் நிரம்பிய குவளைக்குள் நிற்பது போலாகிவிடும். காங்கிரீட் ஊற்றத்தான் வேண்டுமென்றால், குழியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சரளைக்கல் போட்டு, கம்பத்தின் அடிமுனை அந்தக் கல்லின்மேல் நிற்கும்படி செய்யுங்கள். அடியில் காங்கிரீட் மூடாமலிருந்தால் நீர் கீழே வடிந்துவிடும். மேல்பகுதியைத் தரைக்குச் சற்று மேலே, கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சரியும்படி பூசுங்கள்.

இதைவிடச் சிறந்த வழி, மரம் மண்ணையே தொடாதபடி செய்வது. இரண்டு இரும்புச் சட்டங்களைக் காங்கிரீட்டில் ஊன்றி, அவற்றின் நடுவே கம்பத்தை வைத்துப் போல்ட் போட்டு முடுக்குங்கள். கம்பத்தின் அடி தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். வாசல் பெஞ்சின் கால்களுக்கும் இதே விதிதான். ஆளுக்கொரு கல் அல்லது செங்கல் வைத்துக் கால்களை மண்ணிலிருந்து தூக்கிவிடுங்கள்.

மரம் நீரைக் குடிக்கும் வாய் அதன் வெட்டுமுனை. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோன குழாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. பக்கவாட்டில் நுழையும் நீரைவிடப் பல மடங்கு நீர் முனை வழியாக நுழையும். எனவே கம்பத்தின் தலையைச் சரிவாக வெட்டுங்கள், அல்லது பழைய பால்டின் தகரத்தை மடித்துத் தொப்பி போடுங்கள். பெஞ்சுப் பலகைகளை ஒன்றோடொன்று நெருக்காமல், பென்சில் பருமன் இடைவெளி விட்டு அடியுங்கள். இடைவெளியில் தேங்கும் இலை சருகுகளைக் கூட்டிவிடுங்கள். கம்பத்தின் அடியில் மண்ணையோ குப்பையையோ குவிக்காதீர்கள்.

இனி மருந்துக்கு வருவோம். தொழிற்சாலையில் மரத்தைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தத்தோடு மருந்தைச் செலுத்துகிறார்கள். ஜான் பெத்தெல் என்ற ஆங்கிலேயர் 1838 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை இது. மருந்து வெளிறு முழுவதும் ஊறிவிடும். தன்னால் நிலைக்க முடியாத வெளிறுதான் மருந்தை நன்றாகக் குடிக்கிறது என்பது வியப்பான செய்தி. மண்ணில் நடும் கம்பத்துக்கு வாய்ப்பிருந்தால் இப்படி மருந்தேற்றிய மரத்தையே வாங்குங்கள்.

வீட்டில் பிரஷ்ஷால் பூசும்போது மருந்து ஓரிரு மில்லிமீட்டர் ஆழந்தான் இறங்கும். ஆகவே அந்த மெல்லிய தோல் எங்கும் கிழியாதபடி வேலையை முறைப்படுத்த வேண்டும். முதலில் பட்டையை உரித்து, மரத்தை மழை படாத இடத்தில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுங்கள். ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். கன மரத்துக்கு இன்னும் அதிகம். நீரால் நிறைந்த மரத்தில் எண்ணெய் மருந்து இறங்காது. அடுத்து, அறுக்க வேண்டியதை அறுத்து, துளையிட வேண்டியதைத் துளையிட்டு முடித்துவிடுங்கள். அதன் பிறகே மருந்து. வெளிமரத்துக்கென்று அட்டையில் எழுதியிருக்கும் மருந்தை வாங்கி, கம்பத்தின் அடிமுனையை ஒரு டின்னில் ஓரிரவு நிறுத்தி ஊறவிடுங்கள். தரைமட்டத்துக்கு மேலேயும் ஒரு சாண் நனைய வேண்டும். மற்றப் பகுதிகளில் இரண்டு மூன்று முறை பூசுங்கள். பிறகு ஏதாவதொரு முனையை அறுக்க நேர்ந்தால், அந்த வெட்டுக்கு மீண்டும் மருந்து வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் பூசவேண்டும்.

சாயத்தை மருந்தென்று எண்ணிவிட வேண்டாம். எண்ணெய்ச் சாயம் மழையைத் தடுக்கும், காளானைக் கொல்லாது. அது வெடித்த இடத்தில் புகுந்த நீர் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கும். சாயத்துக்கு மேலே பளபளப்பு, கீழே பஞ்சு என்ற நிலை வருவது இதனால்தான்.

பால்மரத்துக்கும் மூங்கிலுக்கும் ஏற்ற மருந்து வெண்காரமும் போரிக் அமிலமும். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரம், 400 கிராம் போரிக் அமிலம் கரைக்க வேண்டும். இது காய்ந்த மரத்துக்கு உரியதன்று. பச்சை மரத்துக்கு உரியது. வெட்டி அறுத்த அன்றே பலகையை ஒரு நாள் முழுதும் இதில் ஊறவைத்து, நெருக்கமாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். மரத்துக்குள் இருக்கும் ஈரத்தின் வழியாகவே மருந்து மெல்ல மெல்ல உள்ளே பரவும். ஒரு அங்குலப் பலகைக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். பின்னர் நிழலில் காயவிடலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நீர் வழியாக உள்ளே போன மருந்து நீர் வழியாகவே வெளியேயும் வந்துவிடும். ஆகையால் இப்படிப் பதப்படுத்திய பால்மரம் ஆட்டுக் கொட்டகையின் கைமரம், பரண், அலமாரி போன்று கூரைக்குக் கீழே இருப்பவற்றுக்கே ஏற்றது. மண்ணில் நட்டாலோ மழையில் விட்டாலோ மருந்து கரைந்துவிடும். பால்மரக் கம்பத்தை மண்ணில் நட்டு நிலைக்கவைக்க வீட்டு முறை எதுவும் இல்லை என்றே கொள்ளுங்கள்.

கரையானைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிரோடு நிற்கும் பால்மரத்தையே தின்னும் கரையான் இனம் நம் தோட்டங்களில் உண்டு. அவை மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறும். கம்பம் உயர்ந்து நின்றால் அந்தக் குழாய் கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை பார்த்து இடித்துவிட்டு, எங்கிருந்து வருகின்றன என்று தேடுங்கள். விறகை வீட்டுச் சுவரோடும் வேலியோடும் சாய்த்து அடுக்குவது கரையானுக்கு விருந்து வைப்பதாகும்.

இதுவரை மரத்தைக் காப்பது பற்றிச் சொன்னோம். இனிச் சொல்லப்போவது குழந்தைகளைக் காப்பது பற்றி. தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். காளானையும் கரையானையும் கொல்லும் மருந்து மனிதருக்கும் நஞ்சே.

சோந்தி காமேசன் என்ற இந்திய விஞ்ஞானி 1933 ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். செம்பு, குரோமியம், ஆர்செனிக் என்னும் பாஷாணம் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. மரத்துக்குள் நன்றாகப் பற்றிக்கொள்வதால் உலகெங்கும் கோடிக்கணக்கான கம்பங்களுக்கு ஏற்றப்பட்டது. அந்த மரம் இளம்பச்சையாகத் தோன்றும். அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இதை ஏற்றுவதைத் தயாரிப்பாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். 2004 இல் ஐரோப்பிய ஒன்றியமும் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆர்செனிக் இல்லாத, செம்பு கலந்த மருந்துகள் பின்னர் வந்தன. ஆனால் பழைய கம்பங்களும் துண்டுகளும் இன்னும் பல இடங்களில் கிடக்கின்றன.

பச்சை நிறம் ஏறிய அந்தத் துண்டுகளை ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள். எரியும்போது புகையிலும் ஆர்செனிக் கலக்கும், சாம்பலிலும் தங்கிவிடும். நாமோ சாம்பலை வீணாக்குவதில்லை. அதைக்கொண்டு பாத்திரம் துலக்குகிறோம், கீரைப் பாத்திக்குத் தூவுகிறோம், கோழி அதில் புரளுகிறது. ஒரு துண்டு விறகு சட்டியிலும் கீரையிலும் கோழியிலும் நஞ்சை வைத்துவிடலாம். எந்த மருந்து ஏறியது என்று தெரியாத மரத்தையும் எரிக்க வேண்டாம்.

பழைய தண்டவாளக் கட்டைகளும் அப்படியே. அவற்றில் ஊறியிருப்பது கிரியோசோட் என்னும் கறுப்பு எண்ணெய். வெயிலில் அது கசிந்து கையில் ஒட்டும்; தோலை எரிக்கும்; புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அந்தக் கட்டைகளைக் கீரைப் பாத்தியின் வரப்புக்கோ குழந்தைகள் உட்காரும் இடத்துக்கோ போடக்கூடாது. லாரியிலிருந்து வடித்த கழிவெண்ணெயைக் கம்பத்துக்குப் பூசும் பழக்கமும் நம்மிடையே உண்டு. அது மேலோடு நின்றுவிடும், காளானுக்குச் சரியான மருந்துமன்று. அதிலுள்ள உலோக நஞ்சு மட்டும் மழையோடு மண்ணில் இறங்கும். பாகலும் அவரையும் படரும் பந்தற்காலுக்கு அதைப் பூசுவது நம் வாயில் நாமே இட்டுக்கொள்வதாகும்.

மருந்து பூசும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்நேரத்தில் வெற்றிலை, சிகரெட், தின்பண்டம் எதுவும் வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, உடுத்திய துணியைத் தனியே துவையுங்கள். மீந்த மருந்தைச் சோடா போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வெண்காரமும் போரிக் அமிலமும் பார்ப்பதற்கு உப்பையும் சர்க்கரையையும் போலவே இருக்கும். அவற்றைப் பெயரெழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். மருந்து கரைத்த வாளி சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

கடைசியாக, ஏற்கெனவே நிற்கும் மரங்களைச் சோதிப்பது பற்றி. வீட்டிலுள்ள மரங்களில் எது உடைந்தால் ஆளுக்கு ஆபத்து என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வேலிக்கால் விழுந்தால் கோழி வெளியே போகும், அவ்வளவுதான். வாய்க்கால்மேல் போட்ட பலகை உடைந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளை விழும். 200 லிட்டர் தண்ணீர் பிடித்த டிரம்மின் எடை 200 கிலோவுக்கு மேல்; அதைத் தாங்கும் மேடையின் கால் முறிந்தால் கீழே விளையாடும் குழந்தை என்னவாகும்? ஊஞ்சல் கட்டிய விட்டம், படிக்கட்டு, ஏணி ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

இவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரை மாதத்திலும் தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்யும்போதும், சோதித்து விடுங்கள். ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துத் தரைமட்டத்தில், மூட்டுகளில், பலகையின் அடிப்புறத்தில் குத்திப் பாருங்கள். மேற்புறம் வெயிலில் காய்வதால் நன்றாகவே தோன்றும். அடிப்புறமே உண்மையைச் சொல்லும். முனை எளிதாக உள்ளே இறங்கினால் மரம் மக்கிவிட்டது. சற்று நெம்பியும் பாருங்கள். நல்ல மரம் நீண்ட சிம்பாகப் பிளந்து வரும். மக்கிய மரம் ரொட்டித்துண்டு போலப் படக்கென்று உடையும். மக்கிய மரத்துக்கு மருந்து பூசிப் பயனில்லை. போன பலம் திரும்பாது. உடனே மாற்றிவிடுவதே முறை. வீடும் பாலமும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தால், அன்றே மண்டோரிடமோ அலுவலகத்திலோ தெரிவியுங்கள். மாற்றும் வரையில் அந்தப் பலகையில் பிள்ளைகளை நடக்க விடாதீர்கள்.

2 ஆண்டில் மக்கும் கம்பத்தை 10 ஆண்டில் ஐந்து முறை நடவேண்டும். ஐந்து முறை குழி, ஐந்து முறை கம்பம், ஐந்து ஓய்வுநாள் உழைப்பு. நல்ல மரத்தை நீர் தங்காமல் ஒருமுறை நட்டால் இவையெல்லாம் மிச்சம். அடுத்த ஓய்வுநாளில் ஒரு ஸ்குரூடிரைவரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். வாய்க்கால் பலகையிலிருந்து தொடங்குங்கள்.